மூன்று வரிசைச் செங்கல்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், மூளை பின்னால் மெதுவாக நடந்து வரும். இதை என் கணவர் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டார். எனக்குத் தெரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவும் ஊருக்குக் கால்வாய் வெட்டி, தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீர் எங்கள் பக்கம் வராமல் போன பிறகுதான் தெரிந்தது.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். தைத்து முடித்த ஷூ என் மேசைக்கு வரும். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும், இடதுக்கும் வலதுக்கும் உயரம் துளி மாறியிருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். எனக்கு ‘எக்ஸ்ரே’ என்று பட்டப்பெயர். நேரே யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எனக்குத் தெரியும், உள்ளுக்குள் பெருமையும் உண்டு.

கம்பெனி பஸ் காலையில் மேட்டு ஊரில் கிளம்பி, அடுத்த நிறுத்தமாக எங்கள் பள்ளத்து ஊருக்கு வரும். மேட்டு ஊரில் ஏறும் ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பக்கத்துச் சீட்டில் தன் சாப்பாட்டுப் பையை வைத்திருப்பாள். அது எனக்கான இடம். தையல் லைனில் இருப்பவள், என்னைவிட இரண்டு வயது சின்னவள், என் சிநேகிதி. சேர்ந்த வருஷத்திலிருந்து அந்தச் சீட்டில்தான் இருவரும் போய்வருகிறோம். அவள் டப்பாவில் என்ன குழம்பு என்று மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். என் வீட்டில் என்ன சண்டை என்று நான் வாயைத் திறக்காமலே அவள் சொல்லிவிடுவாள்.

எங்கள் இரண்டு ஊருக்கும் தண்ணீர்தான் பேஜார். கிணற்றுத் தண்ணீர் உப்பு. வாயில் வைக்க முடியாது. குடிக்கக் கேன் தண்ணீர். ஜவ்வாது மலையிலிருந்து ஒரு கானாறு வரும். மழை பெய்தால் இரண்டு மூன்று நாள் மஞ்சளாக ஓடி, பாலாற்று மணலில் இறங்கிக் காணாமல் போகும். ஓடுகிற அந்த இரண்டு நாளில் எந்த ஊர் முதலில் மணல் மூட்டை போட்டு மறிக்கிறதோ அந்த ஊர் ஏரிக்குத் தண்ணீர். மற்ற ஊர் மண்வெட்டியோடு வந்து நிற்கும். பெரியவர்கள் அடித்துக்கொள்வார்கள்; மறுநாள் அவர்கள் வீட்டுப் பெண்கள் நாங்கள் ஒரே பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போவோம்.

இதற்கு ஒரு முடிவு வந்தது. கானாற்றுக்குக் குறுக்கே ஒரு அணை, அங்கிருந்து சிமெண்ட் கால்வாய், நடுவழியில் தண்ணீரைப் பிரிக்கும் ஒரு தொட்டி. பங்குத் தொட்டி என்று எல்லோரும் சொல்ல ஆரம்பித்தோம். அங்கிருந்து ஒரு கிளை மேட்டு ஊர் ஏரிக்கு, ஒரு கிளை எங்கள் ஏரிக்கு. சரிபாதி. ஏரிக்குள் கிணறு எடுத்து இரண்டு ஊருக்கும் குழாயில் குடிதண்ணீர். எங்கள் ஊர்ப் பாசன சங்கத்தில் ஒரு பெண் வேண்டும் என்றபோது என் பெயரைச் சொன்னார்கள். மனு எழுதத் தெரியும், சத்தம் போடவும் தெரியும் என்பதுதான் காரணம்.

இங்கே எங்கள் சாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரி மதகுக்குப் பக்கத்தில், புங்கமரத்தடியில், ஒரு கருங்கல் நட்டிருந்தது. ஒரு சாண் மட்டும் வெளியே தெரியும். அதில் ஒரு கோடும், கோட்டுக்குக் கீழே அம்பு மாதிரி மூன்று கீறலும் செதுக்கியிருக்கும். எங்கள் ஊரில் சில பேர் அதைச் சூலம் என்பார்கள். சோளிங்கர் மலைக்கு நடந்து போகிறவர்கள் நாமம் என்பார்கள். எப்படியோ மஞ்சளும் குங்குமமும் ஏறி, மதகுச் சாமி ஆகிவிட்டது. ஏரி நிறைந்து கோடி போகிற, அதாவது வழிந்து ஓடுகிற வருஷம் அதற்குக் கிடா வெட்டுவோம்.

சூப்பர்வைசர் வேலைக்கு என் பெயர் அடிபட்ட சமயம் நான் அந்தச் சாமியிடம் வேண்டிக்கொண்டேன். எனக்கு அந்த வேலை கிடைத்தால் சேற்றில் புதைந்து கிடக்கிற உன்னை மேடை கட்டி உயர்த்துகிறேன் என்றேன். கிடைத்தது. என் கணவர் தோல் ஷாப்பில் தோல் பதனிடும் டிரம் ஓட்டுகிறவர். எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் தோஸ்துகள் இரண்டு பேரோடு கல்லைப் பெயர்த்து, மூன்று வரிசைச் செங்கல் வைத்து மேடை கட்டி, அதன்மேல் நிறுத்தினார். சாமியின் பாதம் யார் கண்ணிலும் படக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அதனால் முன்பு மண்ணுக்கு மேல் எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவே மேடைக்கு மேல் தெரியும்படி அளந்து நிறுத்தினார். சுற்றிலும் வெள்ளை டைல்ஸ். முன்னால் ஒரு டைல்ஸில் ‘உபயம்’ என்று போட்டு என் பெயர்.

கால்வாய்க்கு அளவெடுக்க வந்தவர்கள் நேராக அந்தக் கல்லிடம்தான் வந்தார்கள். அது அந்தக் காலத்தில் மட்டம் பார்ப்பதற்காக நட்ட அளவுக்கல்லாம். அதன் உயரம் இன்னது என்று அவர்கள் பழைய பதிவேட்டில் இருக்கிறதாம். செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லின் தலையில் அளவுக்கோலை நிறுத்தி, மூன்றுகால் மிஷினில் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். நான் அவர்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் பஸ்ஸில் எனக்கு வாய் அடங்கவில்லை.

“எங்க சாமி தலையில வெச்சுத்தான் கால்வாய்க்கே மட்டம் பாக்குறாங்க, தெரியுமா?” என்றேன்.

“உங்க சாமியும் சூப்பர்வைசர் ஆயிடுச்சா?” என்றாள் சிநேகிதி. பஸ்ஸே சிரித்தது.

வேலை இரண்டு பக்கமாக நடந்தது. அணையிலிருந்து பங்குத் தொட்டிவரையும் மேட்டு ஊர்க் கிளையும் ஒரு கோஷ்டி. அவர்கள் ரோட்டுப் பாலத்தில் இருந்த இன்னொரு அளவுக்குறியை வைத்து மட்டம் எடுத்தார்கள். எங்கள் ஏரியிலிருந்து தொட்டிவரை இன்னொரு கோஷ்டி. அவர்களுக்கு எங்கள் சாமி. பங்குத் தொட்டியைக் கட்டிய மேஸ்திரி என் சிநேகிதியின் தம்பி. அதிகம் பேசாதவன். நூல் கட்டி, தள்ளி நின்று பார்த்து, திருப்தி இல்லாவிட்டால் கட்டியதை இடித்துவிட்டு மறுபடி கட்டுகிறவன். அக்காவும் தம்பியும் ஒரே வார்ப்பு. அவள் தைத்த ஷூவும் என் மேசையிலிருந்து திரும்பிப் போனதில்லை.

அந்த மழைக்காலம் நன்றாகத் தொடங்கியது. மலையில் ஒரு ராத்திரி பெய்த மழைக்குக் காலையில் அணையில் தண்ணீர் நின்றது. ஷட்டரைத் தூக்கினார்கள். இரண்டு ஊரும் பங்குத் தொட்டியைச் சுற்றி நின்றோம். தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து தொட்டியில் விழுந்தது. அப்படியே மேட்டு ஊர்ப் பக்கம் திரும்பிப் போனது. எங்கள் பக்கத்துக் கிளையின் வாயில் மோதி, கொஞ்சம் ஈரம் மட்டும் வைத்துவிட்டு நின்றது. அன்று சாயங்காலம்வரை பார்த்தோம். அவர்கள் ஏரியில் முட்டளவு ஏறியது. எங்கள் கால்வாயில் தவளைகூட நனையவில்லை.

எங்கள் ஊர் ஆண்கள் கடப்பாரையோடு தொட்டியை உடைக்கக் கிளம்பினார்கள். அதை நான்தான் தடுத்தேன். மனு கொடுத்து முறைப்படி பார்ப்போம் என்று அவர்களுக்குப் புத்தி சொல்லிவிட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி என் புத்தியை இழந்தேன்.

சிநேகிதி வழக்கம்போலப் பையை எடுத்து இடம் விட்டாள். நான் உட்காரவில்லை.

“உன் தம்பி நல்லா வேலை செஞ்சிட்டான்டீ. உங்க ஊர்ப் பக்கம் எறக்கிக் கட்டிட்டான். எங்க வாயில மண்ணு” என்றேன்.

“அக்கா, அவன் அப்படிச் செய்ய மாட்டான். உங்க கால்வா ஒம்போது அங்குலம் மேல வந்து இடிக்குதுன்னு காண்ட்ராக்டர் கிட்ட அன்னைக்கே சொன்னானாம். சாய்ச்சுப் பூசிட்டுப் போன்னு சொல்லிட்டாராம்.”

“திருடுனவன் எவன் திருடுனேன்னு சொல்றான்?”

இப்படித்தான் சொன்னேன், நாற்பது பெண்கள் கேட்க. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பையை மறுபடி அந்தச் சீட்டில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மனுவை நான்தான் எழுதினேன், அழகான கையெழுத்தில். கால்வாய் வேலையைப் பார்க்கும் பொறியாளர் இளம்பெண், மேடம் என்போம். மனுவைப் படித்துவிட்டு அளவெடுக்க வந்தார். மழை மறுபடி கருத்துக்கொண்டு வந்ததால் பக்கத்திலிருந்த குறியை, அதாவது எங்கள் சாமிக் கல்லை வைத்தே மட்டம் பார்த்தார். எங்கள் கிளை வரைபடத்தில் உள்ளபடி சரியாக இருந்தது. பங்குத் தொட்டி முக்கால் அடி தாழ்வு. தீர்ந்தது விஷயம். மேஸ்திரியை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். தொட்டியை உடைத்து உயர்த்திக் கட்டக் காண்ட்ராக்டருக்கு மூன்று வாரம் கெடு கொடுத்தார்கள். எங்கள் ஊரில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன்.

அந்த மூன்று வாரமும் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தான். வேறு இடத்தில் வேலை கேட்கப் போனால் “தொட்டி மேஸ்திரியா நீ?” என்று சிரித்து அனுப்பினார்களாம். ஒரு கொத்தனாரின் மட்டம் தப்பு என்று ஊர் பேசிவிட்டால் அவனை மாட்டுக் கொட்டகை கட்டக்கூடக் கூப்பிடமாட்டார்கள். இதெல்லாம் பஸ்ஸில் என் காதில் விழும். மேட்டு ஊர்ப் பெண்கள் முன்பாதியில், நாங்கள் பின்பாதியில். எனக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் அளந்து பார்த்தாயிற்று, தப்பு அவனுடையது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

காண்ட்ராக்டர் தொட்டியில் கை வைக்காமல் இழுத்துக்கொண்டிருந்தார். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கம்பெனியில் ஒரு கலாட்டா. ஷூவின் பின்பக்க உயரம் பார்க்க எங்கள் மேசையில் ஒரு நிற்கும் கேஜ் உண்டு. அன்று காலையிலிருந்து அதில் வைத்த ஜோடியெல்லாம் குட்டையாகக் காட்டியது. ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினேன். கூடை நிறைந்துவிட்டது. தையல் லைனுக்கு நேராகப் போய்க் கத்தினேன்.

“கண்ணை எங்க வெச்சிக்கினு தைக்கிறீங்க? ஒரு ஜோடிகூடத் தேறல!”

என் சிநேகிதி மிஷினை நிறுத்தினாள். எழுந்து வந்து, கூடையிலிருந்து ஒரு ஷூவை எடுத்து மேசையில் வைத்து, தன் ஸ்டீல் ஸ்கேலை அதன் பக்கத்தில் நிறுத்தினாள். அளவு சரியாக இருந்தது. இன்னொன்று. அதுவும் சரி. மூன்று வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

“எல்லா ஜோடியும் தப்புன்னா கேஜைத் தூக்கிப் பாருக்கா.”

தூக்கினேன். அடியில் ஒரு ரப்பர்த் துண்டு. மேசையில் வழுக்குகிறது என்று, முந்தின ஷிப்டில் யாரோ நல்ல எண்ணத்தில் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். கேஜ் ரப்பர் கனத்துக்கு உயர்ந்துவிட்டது. அதனால் எல்லா ஷூவும் அதற்குக் குட்டையாகத் தெரிந்திருக்கிறது.

அந்த ரப்பர்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெள்ளை டைல்ஸும் மூன்று வரிசைச் செங்கலும் கண்முன் வந்தன. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். கேன் தண்ணீர்தான்.

வீட்டுக்குப் போனதும் கணவரை அழைத்துக்கொண்டு டேப்போடு ஏரிக்கரைக்குப் போனேன். மேடையின் உயரத்தை அளந்தார். முக்கால் அடி. மறுபடி அளக்கச் சொன்னேன். அதேதான்.

“இதுக்கு இன்னாமே இப்போ?” என்றார்.

சொன்னேன். கல் ஏறிய அதே முக்கால் அடி, அதை வைத்து வெட்டிய எங்கள் கால்வாயிலும் ஏறிவிட்டது. அவர் மேடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். “நான் வேற ரொம்ப கரெக்டா வெச்சேனே” என்றார் பாவமாக. கோணலாக வைத்திருந்தால்கூட இப்படி ஆகியிருக்காதோ என்று அவருக்கு வருத்தம்.

எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் வந்தது. மறைக்க விரும்பவில்லை. யாருக்குத் தெரியப் போகிறது? நாளை மறுநாள் தொட்டியை உயர்த்திவிடுவார்கள், எங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்துவிடும். என் பெயரும் நிற்கும், சால்வையும் நிற்கும். இதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். என் கணவர், “தொட்டிய ஒசத்துனா அணைப் பக்கத்துக் கால்வா கரை மேல தண்ணி வழியும்மே. ரெண்டு ஊருக்கும் கெடைக்காது. அதை விடு. அந்த மேஸ்திரிக்கு இன்னா வழி?” என்று கேட்டார். அவன் பிழைப்பைக் கெடுத்தது நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி, நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்பாதி, பின்பாதி இரண்டுக்கும் கேட்கிற மாதிரி பேசினேன். கத்துவதற்குப் பழகிய தொண்டை அன்று உதவியது.

“எல்லாரும் கேளுங்க. தொட்டி தப்பில்லை. எங்க கால்வாதான் தப்பு. மட்டம் பாத்த கல்லை மூணு வரிசை செங்கல் வெச்சு ஒசத்துனது நான். அந்த மேஸ்திரி மேல ஒரு குத்தமும் இல்ல. நான் பேசினது பொய்யி.”

டிரைவர் வண்டியை மெதுவாக்கிவிட்டார். என் ஊர்க்காரி ஒருத்தி, “சும்மா இருந்திருக்கலாமே நீ” என்று முணுமுணுத்தாள். சிநேகிதி எழுந்து என் அருகில் வந்தாள். அடிப்பாள் என்றே நினைத்தேன், அடித்திருந்தாலும் தகும்.

“என்கிட்ட சொல்லி இன்னா பண்றது? எங்கே எழுதிக் குடுத்தியோ அங்கே போய் எழுதிக் குடு. அப்புறம் அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு” என்றாள். டிரைவரிடம், “அண்ணே, எறக்கி விடு” என்றாள். இரண்டு பேரும் நடுரோட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். வழியெல்லாம் அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் உடன் வந்தாள். அதுவே எனக்குப் பெரிய தைரியம்.

இரண்டாவது மனுவை அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். முந்தின மனுவில் கண்டது தவறு, கல்லை உயர்த்தியது நானே, மேஸ்திரி மீது பிழை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் படித்துவிட்டு முகம் சிவந்துபோனார். அன்றே மிஷினோடு வந்து, இந்த முறை ரோட்டுப் பாலத்துக் குறியிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தார். தொட்டி நூல் பிடித்த மாதிரி சரி. எங்கள் கிளை முக்கால் அடி மேடு. பிறகு எங்கள் சாமியிடம் வந்து, டைல்ஸில் இருந்த பெயரைப் படித்தார்.

“இது நீங்கதானா?”

“நான்தான் மேடம்.”

“நானும் ரெண்டு குறியையும் பாத்திருக்கணும்” என்றார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. சாமியைக் கீழே இறக்க வேண்டுமா என்று எங்கள் ஊர்க்காரர்கள் பயந்து கேட்டார்கள். வேண்டாம், புது உயரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறேன், இனிமேல் யாரும் வேண்டிக்கொண்டு தூக்காமல் இருந்தால் போதும் என்றார். அன்று முதல் எனக்கு ‘எக்ஸ்ரே’ போய் ‘முக்கால் அடி’ ஆனது. கடைக்காரர்கூட, “முக்கால் அடி அக்கா, இன்னா வேணும்?” என்பார். முதலில் சுருக்கென்றது, இப்போது திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

காண்ட்ராக்டர் மேஸ்திரிக்குப் போன் செய்தார். வருகிறேன், ஆனால் தொட்டிமேல் யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தான். வேலை இதுதான்: தொட்டியிலிருந்து நிலம் தானாகச் சரிகிற இடம்வரை எங்கள் கிளையின் தரையை உடைத்து, முக்கால் அடி தோண்டி, மறுபடி சிமெண்ட் போட வேண்டும். எங்கள் ஊர் ஆண்கள் உடைந்த கல்லை வாரிக் கொட்டினார்கள். என் கணவர் லீவு போட்டுவிட்டு வாரினார். அவன் பழையபடி நூல் கட்டினான், தள்ளி நின்று பார்த்தான், ஒரு இடம் பிடிக்காமல் போக, மறுபடி உடைத்தான்.

நான் மன்னிப்புக் கேட்க மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் வாயைத் திறக்கும்போது, “அக்கா, தள்ளி நில்லுங்க, சில்லு தெறிக்கும்” என்றான். சாப்பாடு கொண்டுபோனேன். “டிபன் எடுத்தாந்துட்டேன்” என்றான். சிநேகிதியிடம் புலம்பினேன். பஸ்ஸில் அவள் பை மறுபடி மடிக்குப் போயிருந்தது. எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் அவள் சிரிப்பு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

“தண்ணி வரட்டும். அதுக்கு முன்னாடி அவன் யார் பேச்சையும் காதுல வாங்க மாட்டான். வீட்லயும் அப்படித்தான் இருக்கான்” என்றாள்.

மழைக்காலம் முடிவதற்குள் மலை ஒரு பெரிய மழையைக் கொடுத்தது. விடிந்ததும் இரண்டு ஊரும் தொட்டியடிக்கு வந்துவிட்டோம். சிநேகிதியோடு மேஸ்திரியின் மனைவியும் வந்திருந்தாள். அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கூட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். மேஸ்திரி தொட்டியின் சுவரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். தேங்காய் உடைத்தார்கள். ஷட்டர் ஏறியது.

தண்ணீர் மஞ்சளாகச் சுழன்று வந்து தொட்டியில் விழுந்தது. மெல்ல ஏறியது. ஏறிய தண்ணீர் இரண்டு வாயையும் ஒரே நேரத்தில் தொட்டு, இரண்டு பக்கமும் வழிந்து, அவரவர் ஊரை நோக்கி ஓடியது. மேடம் இரண்டு வாயிலும் கோலை வைத்துப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார். விசில் பறந்தது. எங்கள் ஊர்க் கிழவர் ஒருவர் மேட்டு ஊர்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டார். முன்பு மண்வெட்டியால் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டவர்கள் அவர்கள்.

நான் அவன் முன்னால் போய் நின்றேன். அன்று சில்லு தெறிக்கும் என்று சொல்ல வழியில்லை.

“தம்பி, நான் நாலு பேர் எதிர்ல உன்னைத் திருடன்னு சொன்னேன். அதே நாலு பேர் எதிர்ல கேக்குறேன். மன்னிச்சிடுப்பா. உன் வேலை சுத்தமான வேலை.”

அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். உடனே என்னைத் தாண்டி, பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தான்.

“கேட்டியா?” என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

அவள் முன்னால் வந்தாள். அவனிடம் போகாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது.

“நீங்க பக்கத்து ஊரு, அக்கா. கல்லை நம்பினீங்க. நான் கூடவே இருக்கிறவ. தப்பாயிடுச்சுன்னு ஒத்துக்கோ, போய் காண்ட்ராக்டர் கால்ல விழுந்து வேலையக் கேளுன்னு மூணு வாரமா இவரைத் தொரத்துனது நான்தான். நூலு போட்டுக் கட்டினேன்டீ, என்னை நம்புடீன்னு தெனமும் சொன்னாரு. நான் நம்பல. நான் இன்னான்னு சாக்கு சொல்றது?”

அவள் கையை விடாமல் நின்றேன். மேஸ்திரி சுவரிலிருந்து இறங்கி வந்து, என் கையிலிருந்து அவள் கையை வாங்கிக்கொண்டான். அவளைப் படிவழியாக எங்கள் ஊர்க் கால்வாய்க்குள் இறக்கினான். தண்ணீர் கணுக்கால்வரை ஓடிக்கொண்டிருந்தது.

“இங்க நில்லு. எப்படி ஓடுதுன்னு பாரு” என்றான்.

அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து தண்ணீரைப் பார்த்தபடி அழுதாள். அவனும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் இறங்கி நின்றான்.